வீட்டில் சினமன் ரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை இரவு மாவைப் பிசைந்து வைத்துவிட்டு ஞாயிறு காலையில் சினமன் ரோல் சுடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். பட்டையும் நாட்டுச் சர்க்கரையும் வெண்ணெயில் உருகும் வாசனை மாடிப்படி வரைக்கும் போகும். பக்கத்து வீட்டில் கேட்க ஆரம்பித்தார்கள், பிறகு தங்கையின் தோழிகள், அவர்களின் அண்ணிகள், வெளிநாட்டு உறவுகள் என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சந்தேகங்கள் மட்டும் மாறவில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் பார்த்துச் செய்யும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டு அடுப்படியில் எழுதப்பட்டவை. நம் ஊர் வெயிலில் அந்த நேரக் கணக்கு செல்லாது. கீழே உள்ள தோல்விகளில் பாதிக்குக் காரணம் அதுதான்.

சினமன் ரோல்னா கேக்கா, பன்னா?

பன்தான். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த இனிப்பு மாவைத் தேய்த்து, வெண்ணெய், சர்க்கரை, பட்டைத் தூள் தடவி, பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி, துண்டு போட்டுச் சுடுகிறோம். ஸ்வீடன்காரர்கள் இதைக் கொண்டாடித் தீர்ப்பவர்கள். 1999-இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 4-ஆம் தேதியை இந்த பன்னுக்கான நாளாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே மாவிலேயே ஏலக்காய் இடித்துப் போடுவார்கள். மேலே ஐசிங் கிடையாது, வெள்ளைச் சர்க்கரை மணிகள் தூவுவதோடு சரி. பின்லாந்தில் இதே வகை பன்னுக்கு ‘காதில் விட்ட அறை’ என்ற பொருளில் பெயர் இருக்கிறது. நடுவில் அழுத்தி இரு பக்கமும் பிதுங்கவிட்ட வடிவம் அது.

அமெரிக்காவில் இதுவே பெரிதாகி, மிருதுவாகி, மேலே ஐசிங் வழிய வரும். நான் செய்வது இரண்டும் கலந்தது: ஸ்வீடன் ஏலக்காய், அமெரிக்க மிருது. பால், ஏலக்காய், பட்டை மூன்றும் நமக்குப் புதிதல்ல. அதனால்தான் முதல் கடியிலேயே வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போகிறது.

அளவு மட்டும் சொல்லிடுங்க அக்கா, மத்தத நான் பாத்துக்கறேன்.

9 ரோலுக்கு, 9 அங்குலச் சதுரத் தட்டுக்கு: மைதா 400 கிராம், பால் 200 மில்லி, முட்டை 1, மிருதுவான வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, இடித்த ஏலக்காய் 5. உள்ளே தடவ: வெண்ணெய் 60 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், பட்டைத் தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மைதா 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.

வெண்ணெய் தவிர மற்றதைப் பிசைந்து, மாவு ஒன்று சேர்ந்தபின் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மறுபடி பிசையுங்கள். உப்பி இரண்டு மடங்கானதும் 40-க்கு 30 செ.மீ. அளவில் தேய்த்து, உள்ளே தடவுவதைத் தடவி, நீளமான பக்கத்திலிருந்து சுருட்டி, 9 துண்டாக வெட்டி, தட்டில் அடுக்கி, இன்னொரு முறை உப்பவிட்டு, 180 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். ‘மத்தத’ப் பற்றித்தான் இனி வரும் கேள்விகள் முழுக்க.

எங்கிட்ட தராசு இல்ல. டம்ளர் கணக்கு சொல்ல முடியுமா?

240 மில்லி பிடிக்கும் கப்பில் மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் சுமார் 125 கிராம். அதன்படி மூன்று கப்பும் ஒரு கைப்பிடியும். ஆனால் கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை ஏறிவிடும். மூன்று கப்பில் அந்த வித்தியாசம் சேர்ந்தால் ரோல் கல்லாகிவிடும். ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிவிடுங்கள். ஓவனுக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் அது என்பேன்.

ஈஸ்ட் உடம்புக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க. ஆப்ப சோடா போட்டா ஆகாதா?

ஈஸ்ட் ரசாயனம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை உயிர். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று காற்றை விடுகிறது, அந்தக் காற்றில்தான் மாவு உப்புகிறது. நம் இட்லி மாவிலும் பாக்டீரியாக்களோடு சேர்ந்து ஈஸ்ட் வகைகள் தானாகவே வளர்கின்றன. ஓவன் சூட்டில் ஈஸ்ட் முழுக்கச் செத்துவிடும். இதை மாமியாரிடம் இட்லி மாவைக் காட்டியே சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

சோடாவோ பேக்கிங் பவுடரோ போட்டுச் செய்கிற குறிப்புகளும் உண்டு. அரை மணியில் முடியும், ஆனால் அது பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் இடையில் உதிரும். இழை இழையாகப் பிரிகிற பன் வேண்டுமென்றால் ஈஸ்ட்தான் வழி.

ஈஸ்ட் உயிரோட இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கால் கப் வெதுவெதுப்பான பாலில் அரை தேக்கரண்டி சர்க்கரை, அதன் மேல் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் மேலே நுரை தொப்பி போல் ஏறினால் நல்ல ஈஸ்ட். அப்படியே மண்டியாகக் கிடந்தால் கொட்டிவிடுங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்டை மாவோடு நேராகவே கலக்கலாம், ஆனால் பிரித்து நாளான பாக்கெட் என்றால் இந்தச் சோதனை அவசியம். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அடுப்பு மேடை அலமாரியில் வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரமே வீரியம் போய்விடும்.

பால் எவ்வளவு சூடா இருக்கணும்?

ஈஸ்ட் 55, 60 டிகிரியைத் தொட்டால் செத்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைப் புறங்கையில் தொட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடுதான் உச்சம். அதற்கு மேல் போகக் கூடாது.

இது மார்கழிக்கு. சித்திரை, வைகாசியில் பாலைச் சூடுபடுத்தவே வேண்டாம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற பாலையே ஊற்றுங்கள். பிசைகிற உராய்விலேயே மாவு சூடேறிவிடும். பாலைக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்துவது ஒரு நல்ல பழக்கம். காய்ச்சாத பாலில் உள்ள ஒரு புரதம் மாவின் இழையைத் தளர்த்திவிடும். நம் வீடுகளில் பால் எப்படியும் காய்ச்சித்தானே இருக்கும்.

ஒரு மணி நேரம் வைக்கணும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. நானும் அப்படியே வெச்சேன், புளிச்ச வாடை வந்து மாவு தொய்ஞ்சு போச்சு. ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரம் 22, 24 டிகிரி உள்ள வீட்டுக்கானது. மே மாதத்துச் சென்னை அடுப்படி 34, 35 டிகிரி இருக்கும். அங்கே 35 நிமிடத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும். மீதி 25 நிமிடம் ஈஸ்ட் தின்றதையே தின்று, காற்று தாங்காமல் இழை அறுந்து, மாவு அமுங்கிப் புளித்துப்போகும். வெண்ணெயும் 32 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்குவதால் மாவின் மேல் எண்ணெய் மினுமினுக்கும். எனக்கும் முதல் கோடையில் இப்படி மூன்று முறை ஆனது. மூன்று முறையும் ஈஸ்டைத்தான் சந்தேகப்பட்டேன். நான்காம் முறை மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

இட்லி மாவு விஷயத்தில் நம்மில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. கோடையில் ஆறு மணி நேரத்தில் பாத்திரம் வழியும், மார்கழியில் துணி சுற்றி வைத்தாலும் விடிய விடிய ஆகும். அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டு வாருங்கள். நேரான பாத்திரத்தில் மாவை வைத்து, வெளியே ஒரு ரப்பர் பேண்டை மாவின் மட்டத்துக்குப் போடுங்கள். மாவு அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்துக்கு வந்தால் போதும்.

அப்புறம் விரல் சோதனை. விரலில் மாவு தொட்டு, உப்பிய மாவில் முதல் கணு வரை குத்துங்கள். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெல்ல மெல்லப் பாதி மூடினால் சரியான பதம். மூடவே இல்லாமல் சுற்றிலும் அமுங்கினால் தாண்டிவிட்டது. முதல் முறை உப்பும்போது தாண்டியிருந்தால் மாவை அமுக்கிக் காற்றை எடுத்துவிட்டு உடனே தேய்த்துவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும். தட்டில் அடுக்கியபின் தாண்டினால் காப்பாற்றுவது கடினம். அதனால் இரண்டாம் முறைதான் கூடுதல் கவனம், கோடையில் 20 நிமிடத்திலேயே எட்டிப் பாருங்கள்.

மாவு கையில பிசுபிசுன்னு ஒட்டுது. இன்னும் மைதா போடலாமா?

போடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இந்த மாவு தப்பாகத்தான் தோன்றும். வெண்ணெய் சேர்த்ததும் ஐந்து நிமிடம் சேறு மாதிரி இருக்கும், அதற்குப் பயந்து ஒரு கை மைதா, இன்னொரு கை மைதா என்று போடுவதால்தான் ரோல் வறண்டுபோகிறது. கையால் என்றால் 12 முதல் 15 நிமிடம் விடாமல் பிசையுங்கள். மேடையில் அடித்து, இழுத்து, மடித்துப் பிசைந்தால் திடீரென்று ஒரு நேரத்தில் கையை விட்டு வந்துவிடும்.

எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி மெதுவாக விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரிகிற சவ்வாக விரிந்தால் பிசைந்தது போதும். அந்தச் சவ்வுதான் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கும் பலூன். 15 நிமிடத்துக்குப் பிறகும் கூழாகவே இருந்தால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம்.

மைதா வேண்டாம்னு பாக்கறேன். கோதுமை மாவுல வருமா?

பாதிக்குப் பாதி நன்றாக வரும். கோதுமை மாவு அதிகம் உறிஞ்சும் என்பதால் 2, 3 மேசைக்கரண்டி பால் கூடுதலாக ஊற்றி, கலந்ததும் 20 நிமிடம் ஊறவிட்டுப் பிறகு பிசையுங்கள். முழுக்கக் கோதுமை என்றால் தவிடு அந்தச் சவ்வை அறுக்கும், ரோல் கனத்துப்போகும். சுவை இருக்கும், மிருது இருக்காது. தெரிந்தே செய்கிறீர்கள் என்றால் செய்யுங்கள்.

நாங்க முட்டை சேர்க்கறதில்ல.

முட்டைக்குப் பதில் புளிக்காத கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி. நிறம் சற்று வெளுப்பாக இருக்கும், வேறு குறை இல்லை. சுடுமுன் மேலே முட்டை தடவுகிறவர்கள் என்றால், அதற்குப் பதில் பால் போதும்.

அக்கா, எங்கட ஊரில கறுவா எண்டு சொல்லுறதும் நீங்க சொல்லுற பட்டையும் ஒண்டுதானா?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்வி. பெயரைப் பார்த்தால் ஒன்று, பொருள் பெரும்பாலும் வேறு. இலங்கைக் கறுவாதான் அசல் சினமன். காகிதம் போல் மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி வைத்தது போலிருக்கும், விரலால் நொறுக்கிவிடலாம், வெளிர் பழுப்பு நிறம், வாசனையில் ஒரு பூ மணம். தமிழ்நாட்டில் இதைச் சுருள் பட்டை என்று கேட்டு வாங்க வேண்டும். வெறுமனே பட்டை என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கேசியா: கெட்டியான மரத்துண்டு போல், ஒற்றைச் சுருளாக, கருஞ்சிவப்பாக இருக்கும். சீனா, வியட்நாம், இந்தோனேசியாவில் விளைவது. பிரியாணிக்கு நாம் போடுவது அதைத்தான்.

சினமன் ரோலுக்கு எது நல்லது என்றால், அமெரிக்க பாணி ரோலின் அந்தக் காரமான வாசனை கேசியாவுடையது. கறுவா மென்மையாக, இனிப்பாக வரும். நான் கறுவாவின் பக்கம். யாழ்ப்பாணத்தில் நல்ல கறுவா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நீங்கள் வேறெதையும் தேட வேண்டாம்.

பட்டை அதிகமா சாப்பிட்டா கல்லீரலுக்கு ஆகாதாமே? பிள்ளைக்குத் தினமும் கேக்குது.

கேசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது. சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று ஐரோப்பாவில் அளவு வகுத்திருக்கிறார்கள். 20 கிலோ பிள்ளைக்கு 2 மில்லிகிராம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பேக்கரிப் பண்டங்களில் கூமரினுக்குச் சட்டமே உண்டு. வழக்கமான பண்டத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், பாரம்பரியப் பண்டத்தில் 50. 2013-இல் டென்மார்க்கில் அவர்களுடைய பட்டைச் சுருள் எந்த வகையில் சேரும் என்று பெரிய சர்ச்சையே நடந்தது.

மேலே சொன்ன கறுவாவில் கூமரின் மிகமிகக் குறைவு. வாரம் ஒருமுறை ஒரு ரோல் என்றால் கேசியாவானாலும் கவலை வேண்டாம். தினமும் கேட்கிற பிள்ளைக்குச் சுருள் பட்டைக்கு மாறுங்கள். தினமும் இவ்வளவு சர்க்கரை வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாவுலயே பட்டைத் தூள் கலந்தா வாசனை தூக்கலா இருக்காதா?

பட்டைக்கு அந்த மணத்தைத் தருகிற எண்ணெய் ஈஸ்டை முடக்கும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் மாவில் கலந்தால் உப்புவது மந்தமாகிவிடும். பட்டை உள்ளே தடவ, ஏலக்காய் மாவுக்கு.

உள்ள வெச்சது எல்லாம் உருகி அடியில பாகா நின்னுடுது.

மூன்று காரணங்கள் பார்த்திருக்கிறேன். வெண்ணெயை உருக்கித் தடவுவது ஒன்று. உருக்கக் கூடாது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற மிருது போதும். சர்க்கரையோடு ஒரு மேசைக்கரண்டி மைதா கலக்காமல் விடுவது இரண்டாவது, அந்த மைதாதான் பாகைப் பிடித்து வைக்கும். மூன்றாவது, மாவு சூடாக இருக்கும்போதே தடவுவது. கோடையில் தேய்த்த மாவைத் தட்டோடு 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துத் தடவுங்கள்.

வெண்ணெயும் சர்க்கரையும் பட்டையும் முன்னாடியே ஒன்றாகக் குழைத்து விழுதாக்கிவிட்டால் இன்னும் நல்லது. சர்க்கரை கொட்டாது, ஓரம் வரை ஒரே சீராக இழுக்கலாம். அடியில் கொஞ்சம் பாகு நிற்பது தப்பில்லை, எங்கள் வீட்டில் அடிப்பாகம் யாருக்கு என்றுதான் போட்டி.

நாட்டுச் சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி போடலாமா?

தாராளமாக. கருப்பட்டியின் புகை மணமும் பட்டையும் அவ்வளவு பொருத்தம். உடைத்தால் நொறுங்குகிற காய்ந்த கருப்பட்டியாகப் பார்த்து, சீவி, கட்டியில்லாமல் பொடித்துக்கொள்ளுங்கள். அரை தேக்கரண்டி சுக்குப் பொடி சேர்த்தால் மழைக்காலக் காலைக்கு அதற்கு மேல் ஒன்று வேண்டாம். கருப்பட்டி ஈரம் இழுக்கும் என்பதால் மைதாவை ஒன்றரை மேசைக்கரண்டியாக்குங்கள். பிசுபிசுக்கிற வெல்லமென்றால் ஒரு நாள் தட்டில் உலரவிட்டுப் பொடியுங்கள். பாகு காய்ச்சி ஊற்றாதீர்கள், வழிந்தோடிவிடும்.

கத்தியால வெட்டினா நசுங்கி முட்டை வடிவம் ஆயிடுது.

நூலால் வெட்டுங்கள். அவித்த முட்டையை நூலால் இரண்டாக்குவோமே, அதேதான். ஒரு முழ நீளத் தையல் நூலை உருளையின் அடியில் செருகி, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து குறுக்காக மாற்றிச் சட்டென்று இழுங்கள். சுருள் அப்படியே வட்டமாக நிற்கும். முதலில் கத்தியால் லேசாகக் கோடு போட்டு 9 பாகம் குறித்துக்கொண்டால் அளவு ஒத்திருக்கும், எல்லாம் ஒன்றாக வேகும்.

ஓவன் இல்ல. குக்கர்ல பண்ணலாமா? மைக்ரோவேவ்ல?

மைக்ரோவேவில் கன்வெக்ஷன் வசதி இருந்தால் பண்ணலாம். வெறும் சூடுபடுத்துகிற வகையில் பன் சிவக்காது, ரப்பராகிவிடும்.

குக்கர் என்றால் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. தினம் சமைக்கிற குக்கரை இப்படிக் காயவிடுவதை நான் விரும்புவதில்லை. மூடியுள்ள ஒரு பழைய கனமான சட்டியை எடுங்கள். அடியில் கல்லுப்பு பரப்பி, ஒரு வளையம் வைத்து, மூடி 10 நிமிடம் மிதமான தீயில் காயவைத்து, ரோல் தட்டை இறக்கி, சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம். அடி சிவக்கும், மேல்புறம் வெளுத்தே இருக்கும். ரோலை ஒரு சூடான தோசைக்கல்லில் தலைகீழாக அரை நிமிடம் வைத்தெடுத்தால் நிறம் வந்துவிடும்.

ஓடிஜில வெச்சேன். ஓரத்து ரோல் கருகுது, நடுவுல இருக்கறது வேகல.

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனின் முள் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். என்னுடையது 20 டிகிரி கூடுதலாகக் காய்கிறது, அதனால் நான் 160-இல்தான் வைக்கிறேன். மேல், கீழ் இரண்டு கம்பியும் போட்டு 15 நிமிடம் முன்சூடு, தட்டு நடு அடுக்கில். 15-ஆவது நிமிடத்தில் மேலே நிறம் வந்துவிட்டால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள்.

நடுவிலுள்ள ரோலில் குச்சி குத்திப் பார்ப்பது கேக்குக்குச் சரி, இங்கே சர்க்கரைப் பாகு ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் நடு ரோலின் உட்புறம் 88 முதல் 90 டிகிரி. இல்லையென்றால் நடு ரோலின் மாவு மடிப்பை முள்கரண்டியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈரக் களியாக இழுத்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

சுடும்போதே கரண்ட் போச்சு. என்ன பண்றது?

கதவைத் திறக்காதீர்கள். பாதி நேரம் தாண்டியிருந்தால் உள்ளிருக்கும் சூடே 10 நிமிடம் தாங்கும், கரண்ட் வந்ததும் கூடுதல் நேரம் கொடுத்து முடித்துவிடலாம். வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றால் தட்டை எடுத்து, கடைசி வழியாகச் சட்டி முறைக்கு மாற்றுங்கள்.

காலைல டிஃபனுக்குச் சூடா வேணும். நாலு மணிக்கு எழுந்திருக்கணுமா?

வேண்டாம். முந்தின இரவு வெட்டித் தட்டில் அடுக்குவது வரை முடித்து, இரண்டாம் முறை உப்பவிடாமலே, காற்றுப் புகாமல் மூடி 9 மணிக்கு ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் ஈஸ்ட் மெல்ல வேலை செய்யும், வாசனையும் கூடும். காலை 6 மணிக்கு வெளியே எடுத்தால் மார்கழியில் ஒரு மணி நேரம், கோடையில் அரை மணி நேரம். விரல் சோதனை செய்து ஓவனில் வைத்தால் ஏழரைக்கு மேசையில். 12 மணி நேரத்துக்கு மேல் ஃப்ரிட்ஜில் விடாதீர்கள். இரவில் நெடுநேரம் கரண்ட் போகிற ஊர் என்றால், ஈஸ்டை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

க்ரீம் சீஸ் விலை கட்டுப்படியாகல. ஐசிங்குக்கு வேற வழி?

புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வடியவிடுங்கள். அந்தக் கெட்டித் தயிர் 100 கிராம், மிருதுவான வெண்ணெய் 50 கிராம், ஐசிங் சர்க்கரை 4 மேசைக்கரண்டி, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. அடித்தால் க்ரீம் சீஸுக்குப் பக்கத்தில் வரும். அவசரத்துக்கு மில்க்மெய்ட் 3 மேசைக்கரண்டியோடு வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. ரோல் வெதுவெதுப்பாக ஆறியபின் தடவுங்கள். ஃபில்டர் காபியோடு சாப்பிடுவதென்றால் எனக்கு ஐசிங் வேண்டாம், கசப்பும் பட்டையும் போதும்.

மறுநாளே கட்டியாயிடுது. கடைல மட்டும் எப்படி மெத்துன்னு இருக்கு?

ஃப்ரிட்ஜில் வைத்திருப்பீர்கள். வெந்த மாவிலுள்ள ஸ்டார்ச் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் மிக வேகமாக இறுகும். ஐசிங் இல்லாத ரோலை டப்பாவில் மூடி ஒரு நாள் வெளியே வைக்கலாம். அதற்கு மேல் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை வந்துவிடும், நேராக ஃப்ரீசரில் போடுங்கள், ஒரு மாதம் வரும். வேண்டும்போது தண்ணீர் தெளித்து மைக்ரோவேவில் அரை நிமிடம்.

இரண்டு நாள் மெத்தென்று இருக்க இன்னொரு வழி, ஜப்பானிய ரொட்டிக்காரர்களுடையது. மேலே சொன்ன அளவிலிருந்தே 20 கிராம் மைதாவையும் 100 மில்லி பாலையும் எடுத்து, சிறு தீயில் கஞ்சி காய்ச்சுங்கள். கரண்டி இழுத்த கோடு நின்றால் பதம். ஆறவைத்து மீதி மாவோடு பிசையுங்கள். காய்ச்சியதில் வற்றிய பாலுக்கு ஈடாக 2 மேசைக்கரண்டி பால் கூடுதலாக ஊற்றுங்கள். வெந்த மாவு தண்ணீரை நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேரளத்திலும் குமரிப் பக்கத்திலும் ஆப்ப மாவுக்குக் கப்பி, அதாவது கொஞ்சம் அரிசிக் குருணையைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்ப்பார்கள். இதுவும் அதே சூட்சுமம்தான்.

நாங்க டொராண்டோல இருக்கோம். ரெண்டு மணி நேரமாச்சு, மாவு அசையல.

உங்களுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. ஈஸ்ட் செத்திருக்காது, குளிர்ந்து தூங்குகிறது. ஓவனை அணைத்தபடியே வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டு, உள்ளே ஒரு பாத்திரம் கொதிநீரோடு மாவையும் வையுங்கள். பாலையும் வெதுவெதுப்பாக்கியே ஊற்றுங்கள், ஈஸ்டை 2 தேக்கரண்டியாக்குங்கள். ஊட்டியிலிருந்து கேட்டவருக்கும் இதையேதான் சொன்னேன். ரப்பர் பேண்ட் அடையாளம் உங்களுக்கும் பொருந்தும், இரண்டு மணியோ மூன்று மணியோ மாவு அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்துக்கு வரும் வரை காத்திருங்கள்.

சுட்டு முடிச்சதும் நடுப்பகுதி கோபுரம் மாதிரி மேல எழும்பி நிக்குது. எதனால?

இறுக்கிச் சுருட்டிவிட்டீர்கள். உப்புகிற மாவுக்குப் பக்கவாட்டில் இடமில்லாமல் நடுவால் பிதுங்கி வெளியே வருகிறது. பாயை இழுத்துச் சுருட்டாமல் உருட்டிக்கொண்டே போவது போல் சுருட்டுங்கள். தட்டில் அடுக்கும்போது ரோல்களுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி வேண்டும். வால் நுனியை ரோலின் அடியில் மடித்துச் செருகிவிட்டால் பிரிந்தும் வராது.

எல்லாம் சரியா வந்துச்சு, ஆனா வாசனையே வரலயே அக்கா.

பட்டைத் தூள் பழசு. பாக்கெட்டைத் திறந்து மூக்கருகே வைத்தால் மரத்தூள் வாடை வந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சுருள் பட்டை வாங்கி, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, கையால் நொறுக்கி, மிக்ஸியில் சின்ன ஜாரில் அரைத்து, டீ வடிகட்டியில் சலித்து எடுங்கள். வறுக்க வேண்டாம், மணம் அடுப்பிலேயே போய்விடும். ஒரு முறைக்குத் தேவையானதை மட்டும் மாவு உப்பிக்கொண்டிருக்கும்போது அரைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸி மூடியைத் திறக்கும்போதே வித்தியாசம் தெரியும்.